கோல்டு ஸ்டோரேஜுக்குச் சொந்தமாக ஒரு சர்வர்: காசிமேட்டில் பட்ட பாடு

டாக்கரை நிறுவு, கம்போஸ் ஃபைலை ஒட்டு, பிரவுசரைத் திற, லாகின் பக்கம் வந்துவிட்டதா, அவ்வளவுதான் என்று முடிகிற வீடியோக்கள் எக்கச்சக்கம். (டாக்கர் என்பது மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பொட்டலங்களில் ஓட்டும் கருவி. எதெது ஓட வேண்டும் என்று அதற்குச் சொல்லும் பட்டியல்தான் கம்போஸ் ஃபைல்.) லாகின் பக்கம் எனக்கும் ஒரே மாலையில் வந்துவிட்டது. அதன் பிறகு, குளிர் அறைகளின் வெப்பநிலையைக் கவனித்து ஏறினால் போனுக்குச் சொல்ல வேண்டிய அந்தப் பெட்டி ஒரு ராத்திரி முழுக்க யாரும் தொடாமல் ஒழுங்காக ஓடுவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆனது, நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில் இறாலும் போனது. கேட்பதற்கு ஆள் இருந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். ஐஸ் பிளான்ட், கோல்டு ஸ்டோரேஜ், சின்ன பட்டறை என்று எங்காவது இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெரியப்பாவுக்குக் காசிமேடு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கோல்டு ஸ்டோரேஜ் இருக்கிறது. வஞ்சிரம், இறால், கணவாய் என்று உறைய வைத்த சரக்கு மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு கம்பெனி வந்து அறைக்கு ஒரு பெட்டி மாட்டி, போனில் ஆப் கொடுத்து, வருட சந்தாவும் வாங்கிக்கொண்டு போயிருந்தது. ஒருநாள் ஆப் திறக்கவில்லை. கம்பெனி போன் ரிங் போகிறது, எடுக்க ஆளில்லை. கடையை மூடிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சுவரில் பெட்டிகளில் பச்சை விளக்கு எரிகிறது, சென்சாரும் வெப்பநிலையை அளக்கிறது, ஆனால் அது பேசுவது அவர்களுடைய சர்வரோடு மட்டும். வேறு முகவரி கொடுக்க உள்ளே வழியே இல்லை. பெட்டியும் சந்தாவுமாக ஐம்பதாயிரத்துக்கு மேல் அந்த விளக்கோடு சரி. இந்த மாதிரிப் பெட்டி வாங்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் சர்வர் நின்றுபோனால் இதே பெட்டியை என் சர்வருக்குத் திருப்ப முடியுமா? பதில் வழவழவென்று வந்தால் வாங்க வேண்டாம்.

"நீ கம்ப்யூட்டர்லதானம்மா வேலை பாக்குற, நீயே ஒண்ணு பண்ணிக் குடேன்" என்றார் பெரியப்பா. நான் பார்ப்பது பில்லிங் மென்பொருளுக்கு சப்போர்ட் வேலை. டாக்கர் தெரியும், சால்டரிங் தெரியாது. ஆனாலும் சரி என்றேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அறைகளில் சரக்கு குறைவாக இருக்கும். அதற்குள் முடித்துவிடலாம் என்பது கணக்கு.

தளமாக நான் எடுத்தது, சென்சார்களின் அளவுகளை வாங்கிச் சேமித்துக் காட்டும் திங்ஸ்போர்டு மென்பொருளின் இலவச, ஓப்பன் சோர்ஸ் பதிப்பு. வெறும் கிராஃப் பார்ப்பதற்கு இதைவிடச் சுலபமானவை உண்டு. எனக்குத் தேவைப்பட்டது சாதன நிர்வாகம். ஒவ்வொரு சென்சார் பெட்டிக்கும் தனி டோக்கன் (அடையாளச் சாவி), எந்தப் பெட்டி கடைசியாக எப்போது பேசியது என்ற பதிவு, அறைக்கு அறை வேறு எச்சரிக்கை விதி, புது ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுப்பும் வசதி, எல்லாம் ஒரே இடத்தில். பெட்டி தொலைந்தாலோ யாராவது கழற்றிக்கொண்டு போனாலோ அந்த ஒரு டோக்கனை மாற்றினால் போதும், மற்றவை பாட்டுக்கு ஓடும். சென்சார் பக்கம் வைஃபை உள்ள ஈஎஸ்பி32 என்ற சின்ன போர்டும், கம்பி நுனியில் உலோகக் குப்பி உள்ள டிஎஸ்18பி20 சென்சாரும். எல்லாம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கிடைத்தவை.

சர்வருக்கு ராஸ்பெர்ரி பை (எஸ்டி கார்டில் ஓடும் கையளவு கம்ப்யூட்டர்) போதும் என்று பலர் சொல்வார்கள். வீட்டுக்குப் போதும்தான். ஆனால் டேட்டாபேஸ் ராப்பகலாக எழுதிக்கொண்டே இருக்க, நடுவில் கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் எஸ்டி கார்டை நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆபீஸ்களிலிருந்து கழித்துக் கட்டிய மினி கம்ப்யூட்டர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போட்டு, பழசாக வாங்கினேன். வாங்கி வந்ததும் பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் கிளம்பும்போதே வரும் அடிப்படை செட்டிங் பகுதி) போய், கரண்ட் திரும்பி வந்தால் தானாக ஆன் ஆகும்படி வைத்தேன். இந்த செட்டிங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கண்டெய்னர் பக்கம் முதல் சண்டை அனுமதிகளோடு. திங்ஸ்போர்டு கண்டெய்னர் உள்ளே 799 என்ற பயனர் எண்ணில் ஓடுகிறது. ஹோஸ்டில், அதாவது கண்டெய்னருக்கு வெளியே இருக்கும் கம்ப்யூட்டரில், நாம் உருவாக்கிய ஃபோல்டர் நம் பெயரில் இருக்கும், அதில் எழுத முடியாமல் கண்டெய்னர் விழும், எழும், மறுபடி விழும். பட்டியலில் பார்த்தால் 'ரீஸ்டார்ட்டிங்' என்று மட்டும் காட்டும். டாக்கர் லாக்ஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால்தான் காரணம் தெரியும். அந்த ஃபோல்டரின் உரிமையை 799க்கு மாற்றினால் முடிந்தது. முதல்முறை கிளம்பவே சில நிமிடம் எடுக்கும், அதற்குள் பதறி நிறுத்த வேண்டாம்.

அடுத்தது லோக்கல்ஹோஸ்ட், 'இதே கம்ப்யூட்டர்' என்று பொருள்படும் முகவரி. எச்சரிக்கைகளை டெலிகிராமுக்கு அனுப்ப நான் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் இன்னொரு கண்டெய்னரில் ஓடியது. திங்ஸ்போர்டு இருந்த அதே கம்ப்யூட்டரில் கண்டெய்னர் இல்லாமல் நேரடியாக ஓடியபோது லோக்கல்ஹோஸ்ட், போர்ட் (சேவைக்கான வாசல் எண்) 1883 என்று கொடுத்தால் இணைந்தது. கண்டெய்னருக்குள் போனதும் மறுத்துவிட்டது. கண்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கண்டெய்னரேதான், வெளியே இருக்கும் கம்ப்யூட்டர் அல்ல. கம்போஸ் ஃபைலில் அந்தச் சேவைக்கு என்ன பெயர் வைத்தோமோ அதையே முகவரியாகக் கொடுக்க வேண்டும். படித்தால் ஒரு வரி. தெரியாதபோது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. வெளியே மார்க்கெட்டில் ஏலச் சத்தம், உள்ளே நான் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பாதுகாப்பில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். டாக்கர் ஒரு போர்ட்டை வெளியிட்டால் அது ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸின் அடிப்படை வடிகட்டியில் தன் விதிகளை நேரடியாக எழுதுகிறது, யூஎஃப்டபிள்யூ அதைத் தடுக்காது. டாக்கரின் ஆவணத்திலேயே இது இருக்கிறது. கோல்டு ஸ்டோரேஜின் வைஃபையில் ஆபீஸ் கம்ப்யூட்டர், லோடுமேன்களின் போன், சரக்கு எடுக்க வருபவர்களின் போன் எல்லாம் இருக்கும். டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸின் 5432 போர்ட்டை வெளியிடவே வேண்டாம், கண்டெய்னர்கள் தங்களுக்குள் பேச அது தேவையில்லை. வெளியிட்டே ஆக வேண்டுமென்றால் முன்னால் 127.0.0.1 (அதே கம்ப்யூட்டருக்கு மட்டும் என்று பொருள்) சேர்த்துக் கட்டுங்கள். அப்புறம், திங்ஸ்போர்டோடு வரும் சிஸ்அட்மின் (தலைமை நிர்வாகி) கணக்கின் பாஸ்வேர்டு இணையத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. முதல் வேலையாக அதை மாற்றுங்கள், மாதிரிக் கணக்குகளை நீக்குங்கள்.

சென்சார்களை மாட்டப் போனபோதுதான் மென்பொருள் எவ்வளவு சுலபம் என்று புரிந்தது. குளிர் அறையின் சுவர் பஃப் பேனல், நடுவில் நுரை, இரண்டு பக்கமும் தகரம். கதவைச் சாத்தியதும் உள்ளே வைஃபை செத்துவிடும். கதவு திறந்திருக்கும்போது சோதித்துவிட்டு வேலை செய்கிறது என்று வீட்டுக்குப் போனால் அவ்வளவுதான். போர்டை வெளியே வைத்து, சென்சார் கம்பியை மட்டும் ஓட்டை போட்டு உள்ளே விட்டு, ஓட்டையை நன்றாக அடைத்தோம். கடலுக்குப் பக்கம் என்பதால் உப்புக் காற்று வேறு. குத்திவிடும் ஜம்பர் ஒயர்களின் முனை சில வாரத்தில் பச்சை பூத்துவிட்டது. தொட்டால் அளவு வரும், கையை எடுத்தால் போய்விடும். ஏ.சி. மெக்கானிக் ஒரு அண்ணன் சால்டரிங் கற்றுக்கொடுத்தார். அதன் மேல் சிலிக்கான் பூசி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்த பிறகு பிரச்சினை இல்லை. ஹாட் க்ளூ மட்டும் வேண்டாம், குளிரில் பிடிப்பு விட்டு உதிர்ந்துவிடுகிறது.

ஒரு ராத்திரி வாட்ச்மேன் தாத்தாவிடமிருந்து போன். "பாப்பா, இன்னா இது, மூணாம் நம்பர் ரூமு 85 டிகிரின்னு காட்டுது? உள்ள கீற எறாலு எல்லாம் வெந்துபூட்சா?" தூக்கக் கலக்கத்தில் எனக்கும் திக்கென்றது. டிஎஸ்18பி20 சென்சாருக்கு இது பழக்கம். மின்சாரம் ஒரு நொடி போய் வந்து, அளந்து முடிப்பதற்குள் கேட்டால், தொடக்க மதிப்பாக 85ஐக் கொடுக்கும். கம்பி விட்டுப்போனால், சென்சாரைப் படிக்க நான் எடுத்த ஆயத்தக் கோடான ஆர்டுயினோ நூலகம் மைனஸ் 127 என்று சொல்லும். முதலாவது பொய் எச்சரிக்கை அடிக்கும். இரண்டாவது அதைவிட மோசம், ஏனென்றால் மைனஸ் 127 என்பது மைனஸ் 18ஐவிடக் குளிர்ச்சி, அதனால் வெப்ப விதி சத்தமே போடாது. இந்த இரண்டு எண்களையும் சென்சார் கோடிலேயே வடிகட்டி, வெப்பநிலையாக அனுப்பாமல் 'சென்சார் கோளாறு' என்று தனிச் செய்தியாக அனுப்புங்கள்.

எச்சரிக்கை விதியும் அப்படித்தான். மைனஸ் 15ஐத் தாண்டினால் அலாரம் என்று வைத்தால் நாளெல்லாம் அடிக்கும். சரக்கு ஏற்றக் கதவைத் திறந்தால் ஏறும், படிந்த பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஓடும்போது ஏறும். இரண்டு நாளில் எல்லோரும் போனை சைலன்ட்டில் போட்டுவிடுவார்கள். திங்ஸ்போர்டில் 'இவ்வளவு நேரம் தொடர்ந்தால் மட்டும்' என்று விதி வைக்கலாம். எங்களுக்கு அரை மணி சரியாக இருந்தது. உங்கள் அறையின் டீஃப்ராஸ்ட் எவ்வளவு நேரம் என்று கிராஃபில் பார்த்து அதைவிடச் சற்று அதிகம் வையுங்கள்.

இப்போது இறால் கதை. தடைக்காலம் முடிந்து அறைகள் நிரம்பிவிட்டன. ஒரு ராத்திரி மழையில் கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது, பிறகு கரண்ட் திரும்பியது. இந்த மாற்றத்தில் ஓர் அறையின் கம்ப்ரஸர் பேனலில் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் (மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டாரைக் காக்க நிறுத்தும் கருவி) ட்ரிப் ஆகி, யாராவது வந்து ரீசெட் அமுக்கட்டும் என்று நின்றுவிட்டது. இதைப் பிடிப்பதற்காகத்தானே இவ்வளவு பாடும்? ஆனால் சர்வர் ஆன் ஆகவே இல்லை. கம்ப்யூட்டர் பழசு, உள்ளே நாணயம் அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது. பிளக்கில் கரண்ட் இருந்தவரை பயாஸ் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தது. கரண்ட் போனதும் மறந்து, 'தானாக ஆன் ஆகு' என்ற செட்டிங் பழைய நிலைக்குப் போய்விட்டது. காலையில் நான் பட்டனை அமுக்கியபோது திரையில் பல வருடத்துக்கு முந்தைய தேதி. சர்வர் இல்லை, எனவே அலாரம் இல்லை. அலாரம் இல்லை என்பதால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். உருகத் தொடங்கிய சரக்கை மறுபடி உறைய வைத்து நல்ல சரக்கென்று அனுப்ப முடியாது, அன்றைக்கே பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்கள். 38,000 ரூபாய் நஷ்டம். ஐம்பது ரூபாய் பேட்டரி. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான் "முன்னாடியெல்லாம் வாட்ச்மேன் ரெண்டு மணிக்கு ஒருதபா போய்ப் பார்ப்பாரு" என்றார். அது குத்தியது, உண்மையும்கூட. திரையை நம்பி மனிதர்கள் எழுந்து பார்ப்பதை விட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு செய்தவைதான் உண்மையில் இந்த சிஸ்டம். பழைய கம்ப்யூட்டர் வாங்கினால் கையோடு பேட்டரியை மாற்றுங்கள். மாற்றிவிட்டு பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் கழித்துச் சொருகி, எதையும் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். கம்ப்யூட்டர் எழ வேண்டும், டாக்கர் எழ வேண்டும், கண்டெய்னர்கள் எழ வேண்டும், சென்சார்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப இணைய வேண்டும், கடைசியில் போனுக்கு 'நான் வந்துவிட்டேன்' என்று செய்தி வர வேண்டும். கம்போஸ் ஃபைலில் ஒவ்வொரு சேவைக்கும் ரீஸ்டார்ட் கொள்கையாக 'அன்லெஸ் ஸ்டாப்டு' அல்லது 'ஆல்வேஸ்' இல்லாவிட்டால் கண்டெய்னர் தானாக எழாது. இந்தச் சோதனையை ரவுட்டருக்கும் தனியாகச் செய்யுங்கள். எங்கள் ரவுட்டர் கரண்ட் போய் வந்ததும் சர்வருக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டது, சென்சார் எல்லாம் பழைய முகவரியில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. ரவுட்டரில் சர்வருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தேன். கொஞ்ச நாளில் கேபிள்காரர் வந்து ரவுட்டரையே மாற்றிவிட்டுப் போனார், வைஃபை பெயர் உட்பட எல்லாம் போச்சு. இப்போது அவருடைய பெட்டிக்குப் பின்னால் எங்களுக்கென்று ஒரு சின்ன ரவுட்டர் இருக்கிறது. சென்சார்களுக்குத் தெரிந்ததெல்லாம் அது மட்டும்தான். ஈஎஸ்பி32க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும், எனவே அதில் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்தே வைத்திருக்கிறேன்.

சர்வரே செத்தால் யார் சொல்வது? உள்ளே இருக்கும் எதுவும் சொல்லாது. அதனால் சர்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்டையார்பேட்டையில் என் வீட்டில் இருக்கும் ஒரு பழைய லேப்டாப்புக்கு 'இருக்கிறேன்' என்று அனுப்புகிறது. அது வராமல் போனால் லேப்டாப் என்னை எழுப்பும். எங்கள் பிராட்பேண்டில் பொது ஐபி கிடையாது, அதனால் வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வர போர்ட் ஃபார்வர்டிங் எடுபடாது. டெயில்ஸ்கேல் என்ற தனிப்பட்ட நெட்வொர்க் சேவையைப் போட்டு இரண்டையும் இணைத்தேன். வீட்டிலிருந்து டாஷ்போர்டு பார்ப்பதும் அதே வழியில்தான். இணையம் போனாலும் சத்தம் வர வேண்டும் என்பதற்காக, அதே சர்வர் உத்தரவு கொடுத்தால் அடிக்கும் ஒரு ஹூட்டர் வாட்ச்மேன் அறைக்கு வெளியே. சர்வருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ். எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே சுவர் அலமாரியில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் நின்றதைப் பார்த்த எவரும் கம்ப்யூட்டரைத் தரையில் வைக்க மாட்டார்கள்.

டேட்டாவைப் பற்றி. இங்கே சரக்கு வரும் தெர்மாகோல் பெட்டி மாதிரிதான் கண்டெய்னர், உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம், சரக்கு அதிலேயே இருந்துவிடக் கூடாது. டேட்டாபேஸ் வால்யூமில் (கண்டெய்னருக்கு வெளியே டாக்கர் ஒதுக்கும் சேமிப்பிடம்) இருக்க வேண்டும். 'டாக்கர் கம்போஸ் டவுன்' என்பதோடு 'மைனஸ் வி' சேர்த்தால் கம்போஸ் ஃபைலில் பெயர் கொடுத்து வைத்த வால்யூமும் அழிந்துவிடும். இணையத்தில் 'சுத்தமாக மறுபடி தொடங்க' என்று பலர் இதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒட்டாதீர்கள். இமேஜுக்கு (கண்டெய்னர் உருவாகும் மூலப் பொட்டலம்) 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் பதிப்பு எண்ணை எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸின் பெரிய பதிப்பு மாறினால் பழைய டேட்டா ஃபோல்டரை அது திறக்காது, டம்ப் (டேட்டாவின் முழு நகல்) எடுத்துத்தான் புதியதில் ஏற்ற வேண்டும். திங்ஸ்போர்டை மேம்படுத்தும்போதும் டேட்டாபேஸை மேம்படுத்தும் படி தனியாக உண்டு. தினமும் ராத்திரி டம்ப் எடுத்து இன்னொரு இடத்துக்கு அனுப்புகிறேன், அவ்வப்போது அதை லேப்டாப்பில் ஏற்றி, திறக்கிறதா என்றும் பார்க்கிறேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிஸ்க் நிரம்புவது மெதுவாக வரும் ஆபத்து. டாக்கரின் வழக்கமான லாக் (ஓட்டப் பதிவு) முறைக்கு அளவு வரம்பு இல்லை, வளர்ந்துகொண்டே போகும். 'மேக்ஸ் சைஸ்' 10 எம்பி, 'மேக்ஸ் ஃபைல்' 3 என்று கம்போஸிலேயே கட்டிவிடுங்கள். சென்சாரும் நொடிக்கொரு தரம் அனுப்ப வேண்டியதில்லை, குளிர் அறையில் நிமிடத்துக்கு ஒன்று தாராளம்.

ஃபர்ம்வேர் அனுப்புவதில் இன்னும் ஒரு பயம் மிச்சம் இருக்கிறது. ஈஎஸ்பி32இல் புது ஃபர்ம்வேர் இன்னொரு பகுதியில் இறங்கி, பிறகுதான் மாறும், அதனால் பாதியில் நின்றாலும் பழையது பிழைக்கும். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு கணம் இறங்கி, மலிவான சார்ஜரில் ஓடும் போர்டு 'பிரவுன்அவுட்' என்று ரீசெட் ஆகிறது. புது ஃபர்ம்வேர் மாறிய கையோடு அது நடந்தால் எந்தப் பதிப்பில் நிற்கிறது என்றே புரியாது. நல்ல 5 வோல்ட் சப்ளை போட்ட பிறகு குறைந்தது. இப்போதும் ஆபீஸ் ஃப்ரிட்ஜில் இருக்கும் பெட்டிக்கு மட்டும் முதலில் அனுப்பி, ஒரு வாரம் விட்டு, பகல் நேரத்தில்தான் மற்றவற்றுக்கு அனுப்புகிறேன்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டர் 9,000, யூபிஎஸ் 3,500, ரவுட்டர் 1,300, சென்சார் பெட்டி ஒன்றுக்கு எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள், ஹூட்டரும் ஒயரும் இரண்டாயிரம் போல. பக்கத்து ஐஸ் கம்பெனிக்காரர் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார், யூபிஎஸ் மட்டும் வேண்டாமாம், அவரிடம் ஜெனரேட்டர் இருக்கிறதாம். யூபிஎஸ் வாங்கி வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வாட்ச்மேன் தாத்தா ரெண்டு மணிக்கு ஒருதபா போய்ப் பார்ப்பது மறுபடி ஆரம்பித்துவிட்டது, அதை நிறுத்தச் சொல்லவில்லை.